சாத்தத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி: பாசி வளர்ப்பின் வரவும் செலவும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகருக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. அதுவரை போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகரின் துறைமுகத்தில், பாலம் ஒன்றினால் கரையுடன் இணைக்கப்பட்டுள்ள சிறு தீவே சாத்தம். 1789-ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் ஆங்கிலேயரின் முதல் குடியேற்றத்தை நிறுவியது இவ்விடத்தில்தான். 1883-ஆம் ஆண்டில் இங்கு தொடங்கப்பெற்ற அரசு மரமறுக்கும் ஆலை, ஆசியாவின் மிகப் பழைய, மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்று. படாக், கர்ஜன் போன்ற காட்டு மரங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்குப் பலகைகளாகிக் கப்பலேறின. 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின்னர், காடுகளில் மரம் வெட்டுதல் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது.

இயற்கைச் செல்வத்தை எவ்வளவு எடுக்கலாம் என்னும் கேள்வி, ஆகவே, சாத்தத்திற்குப் புதிதன்று. கடற்பாசியைப் பொறுத்தவரை இக்கேள்வி வேறு வடிவம் பெறுகிறது. வளர்த்த பாசியை எடுக்காமல் விடுவதும் தீங்கு. எடுத்ததைத் தவறான இடத்தில் போடுவது அதனினும் பெருந்தீங்கு. இதனைக் கற்பதற்கு விரிந்த கடல் தேவையில்லை. வீட்டிலோ பள்ளி ஆய்வுக்கூடத்திலோ வைக்கத்தக்க 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியே போதுமானது.

பவளத்திற்கு இடமில்லை

மேலை நாடுகளில் பவளத்தையும் மீனையும் ஒன்றாக வைத்து வீட்டுத் தொட்டி வளர்ப்பது பரவலான பொழுதுபோக்கு. நம் நாட்டில் அது சட்டத்திற்கு ஒவ்வாதது. வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பவளப்பாறைகளை உருவாக்கும் பவளங்கள், கரும்பவளம், கடல் விசிறி ஆகியவை 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. புலிக்கு அளிக்கப்படும் பாதுகாப்பே அவற்றிற்கும் உண்டு. உயிரற்ற பவளக் கல்லைக் கடற்கரையிலிருந்து எடுத்துச் செல்வோரும் விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டி வரும். எனவே, தீவுகளில் கடல்நீர்த் தொட்டி அமைக்க விரும்பும் ஒருவருக்கு உகந்தவை சில சிறு மீன்களும் பாசிகளுமே ஆகும். இதனை ஒரு குறையாகக் கருத வேண்டுவதில்லை. தொட்டியின் பொருளாதாரத்தைப் பவளத்தைவிடப் பாசியே தெளிவாகக் காட்டுகிறது.

தொட்டியை உயிர்களின் உழைப்பாலேயே நடத்தலாம் என்னும் கருத்தும் வெப்பமண்டலத் தீவு ஒன்றிலிருந்தே உலகிற்குக் கிடைத்தது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிரினங்கள் படிந்த கற்களையும் மெல்லிய காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு கடல் மீன்களை வளர்த்த முறையை 1961-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்னும் விஞ்ஞானி, வலைத் திரைகளில் பாசியை வளர்த்து அடிக்கடி சுரண்டி எடுப்பதன் வாயிலாகப் பெரிய பவளத் தொட்டிகளின் நீரைத் தூய்மையாக வைத்தார். சுரண்டி எடுத்தல் என்பதே அம்முறையின் உயிர்நாடி.

வரவு செலவுக் கணக்கு

கடல்நீர்த் தொட்டி மூடிய பொருளாதாரம் ஒன்றை ஒத்தது. வெளியிலிருந்து அதற்கு வரும் முதன்மையான வரவு மீன் உணவு. மீன் உண்டு கழித்தவற்றிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதனை ஒரு வகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட் உடனே கொல்வதில்லை. ஆனால் அது வெளியேற வழியின்றி நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 200 லிட்டர் தொட்டியில் மூன்று அல்லது நான்கு சிறு மீன்களுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் உலர் உணவு இடுவதாகக் கொள்வோம். அதில் 40 சதவிகிதம் புரதம். புரதத்தில் 16 சதவிகிதம் நைட்ரஜன். ஆக நாளொன்றுக்கு 64 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் செல்கிறது. மீனின் வளர்ச்சிக்கு இதில் கால் பங்கு போனால், எஞ்சியது 48 மில்லிகிராம். நைட்ரேட்டாக மாறும்போது இதன் எடை ஏறத்தாழ 213 மில்லிகிராம். அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் நாள்தோறும் கூடும். ஒரு மாதத்தில் இது 30 மில்லிகிராமைத் தாண்டிவிடும். பவளப்பாறைகளைச் சூழ்ந்த இயற்கை நீரிலோ நைட்ரேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மிகக் குறைவு.

இனிச் செலவுப் பக்கம். ஈரமான பாசியின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர் பொருள் என்றும், அதில் 3 சதவிகிதம் நைட்ரஜன் என்றும் வைத்துக்கொண்டால், 100 கிராம் ஈரப் பாசி 300 மில்லிகிராம் நைட்ரஜனைத் தன்னுள் அடக்கியுள்ளது. நாள்தோறும் சேரும் 48 மில்லிகிராமை வெளியேற்ற நாளுக்கு 16 கிராம், வாரத்திற்கு 112 கிராம் பாசியைத் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும். நாளுக்கு 7 சதவிகிதம் வளரும் பாசியானால், இந்த விளைச்சலைத் தர சுமார் 230 கிராம் பாசி எப்போதும் தொட்டியில் இருந்தாக வேண்டும். இதுவே முதல், வாரந்தோறும் எடுக்கும் 112 கிராம் வட்டி. வட்டியை மட்டும் எடுத்து முதலைக் காக்கும் வரை தொட்டி நிலைபெறும்.

பலரும் தவறுவது இவ்விடத்தில்தான். பாசி இருப்பதாலேயே நீர் தூய்மையாகிறது என்று எண்ணி, அடர்ந்து செழித்த பாசியை அழகுக்காக விட்டுவிடுகின்றனர். தொட்டி நிறைந்தபின் பாசி புதிதாக வளர இடமில்லை. அடியில் உள்ளது ஒளியின்றி அழுகுகிறது. அழுகும் பாசி, தான் மாதக் கணக்கில் சேர்த்துவைத்த நைட்ரஜனைச் சில நாட்களில் நீருக்கே திருப்பித் தந்துவிடும். அறுவடை செய்யப்படாத பாசி, கணக்கில் தள்ளுபடி செய்யப்படாத கடனை ஒத்தது எனலாம்.

பாஸ்பரஸ் பற்றியும் ஒரு சொல். அட்கின்சன், ஸ்மித் ஆகிய இருவரும் 1983-ஆம் ஆண்டில் பல்வேறு கடற்பாசிகளையும் கடற்புற்களையும் ஆராய்ந்து, அவற்றில் கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 550:30:1 என்ற விகிதத்தில் இருப்பதாகக் கண்டனர். மீன் உணவிலோ ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குப் பதினைந்து நைட்ரஜன் அணுக்கள் அளவிலேயே இருப்பது வழக்கம். ஆகவே பாசி நைட்ரேட்டை முழுவதும் உண்டு தீர்த்த பின்னும் பாஸ்பேட்டில் ஒரு பகுதி நீரில் மிஞ்சும். நைட்ரேட் அறவே தீர்ந்தால் பாசியின் வளர்ச்சியும் நின்றுபோகும். உணவைக் குறைப்பதும், நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுவதுமே இதற்கு எளிய வழிகள்.

அமைக்கும் முறை

தொட்டிக்கான கடல்நீரைத் துறைமுகத்தினுள் எடுத்தல் ஆகாது. கப்பல்கள் வந்துபோகும் நீரில் எண்ணெய்க் கசிவும், கப்பல் அடிப்பாகங்களில் பூசப்படும் நச்சுப் பூச்சின் எச்சமும் இருக்கக்கூடும். நகருக்கு அப்பால், திறந்த கடலை நோக்கிய கரையில், மழையில்லாத நாட்களில் ஓத நீர் ஏறும் வேளையில் எடுப்பது நன்று. தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பெருமழைக்குப் பிந்தைய கரையோர நீரில் உப்பு குறைந்தும் சேறு மிகுந்தும் இருக்கும். ஆயிரத்தில் 33 முதல் 35 பங்கு வரை உப்பு இருத்தல் வேண்டும். நீரடர்த்திமானி கொண்டு வாரம் ஒரு முறை அளந்தால் போதும்.

தொட்டியின் நீர் நாள்தோறும் ஆவியாகிக் குறையும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை நன்னீரால் நிரப்ப வேண்டும். கடல்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குடிநீர்த் தட்டுப்பாடு கோடையில் வழக்கமாகிவிட்ட இந்நகரில், சேமித்த மழைநீரே இதற்குப் பொருத்தம். தகரக் கூரையிலிருந்து வழியும் முதல் மழையை மட்டும் தவிர்த்தல் வேண்டும். துத்தநாகமும் செம்பும் சிறிதளவு கலந்தாலும் பாசிக்கும் சிறு உயிர்களுக்கும் கேடு.

மீன் உள்ள தொட்டியிலேயே பாசியை வைத்தால் மீன் அதனைத் தின்றுவிடும். எனவே 30 அல்லது 40 லிட்டர் கொள்ளும் தனித் தொட்டி ஒன்றைக் கீழே வைத்து, அதில் பாசியை இட்டு, சிறு பம்பு ஒன்றினால் நீரை இரண்டிற்கும் இடையே சுற்றிவரச் செய்வது வழக்கம். புதிய தொட்டியில் பாக்டீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீனை விடாதிருப்பது மீனுக்குச் செய்யும் நன்மை.

ஒளியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. பகலில் பாசி கரியமில வாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளிவிடுகிறது. இரவில் பாசியும் மீனும் பிராணவாயுவையே நுகர்கின்றன. அதனால் நீரின் காரத்தன்மை பகலில் உயர்ந்தும் விடியற்காலையில் தாழ்ந்தும் காணப்படும். மேல்தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும் இரவு வேளையில் பாசித் தொட்டியின் விளக்கை எரியவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் பெரிதும் குறையும். வெண்ணொளி தரும் சாதாரண எல்.இ.டி. விளக்கே போதும். தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி கப்பலில் வரும் டீசலைக் கொண்டே உற்பத்தியாகிறது என்பதை நினைவிற்கொண்டால், சன்னல் ஓரத்து வெயிலில் பாசித் தொட்டியை வைப்பதே சிக்கனம். ஆனால் தொட்டி நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாதபடி கவனிக்க வேண்டும். மின்வெட்டு நேரும் இரவில், அசைவற்ற நீரில் அடர்ந்து கிடக்கும் பாசியே மீனின் மூச்சைப் பறிக்கும். மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் நலம்.

எந்தப் பாசி

கடற்பாசிகளைப் பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று பெரும் பிரிவுகளாகக் கூறுவர். தொட்டிக்கு மிக ஏற்றது கீட்டோமார்ஃபா என்னும் பச்சைப் பாசி. சிக்குண்ட மீன்பிடி நரம்பைப் போன்ற இதன் இழைகள் எதிலும் ஒட்டாமல் மிதப்பதால், வேண்டிய அளவைக் கையால் அள்ளி எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். கணக்குப் பழகும் மாணவருக்கு இதைவிட வசதியான செடியில்லை. இராமநாதபுரம் கடற்கரை மக்கள் கஞ்சிப்பாசி என வழங்கும் கிராசிலேரியா சிவப்புப் பாசியும் நன்கு வளரும். ஆனால் நீரோட்டம் தேவை. கட்டைக்கோரை எனப்படும் சார்காசம், பக்கோடா பாசி எனப்படும் டர்பினேரியா ஆகிய பழுப்புப் பாசிகள் தீவுகளின் பாறைக் கரைகளில் மிகுதியாகக் காணப்பட்டாலும், சிறு தொட்டியில் நெடுநாள் நிலைப்பதில்லை. சுண்ணாம்புத் தகடுகளால் ஆன ஹாலிமிடா காண்பதற்கு அழகியது. ஆனால் அது மெல்ல வளரும், அறுவடைக்கு உதவாது.

கடல் திராட்சை என்று அழைக்கப்படும் காலர்ப்பா வகையைப் பற்றி எச்சரிக்கை தேவை. இதன் உடல் முழுவதும், எத்தனை அடி நீண்டாலும், குறுக்குச் சுவர் அற்ற ஒரே உயிரணு. இனப்பெருக்கக் காலம் வந்ததும் உடலின் சத்து அனைத்தையும் ஒரே பொழுதில் நீரில் கொட்டிவிட்டு, வெளுத்த தோலாக மடிந்துவிடும். அன்று தொட்டி நீர் பால்போல் கலங்கி மீன்கள் மூச்சுத் திணறுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். தொடர்ந்து அறுவடை செய்துவந்தால் இந்நிலை நேர்வது குறைவு. காலர்ப்பாவிற்கு இன்னொரு இயல்பும் உண்டு: உடைந்த ஒரு சிறு துண்டும் தனிச் செடியாக வளர வல்லது. இதன் விளைவைக் காண வீட்டுத் தொட்டியை விட்டுச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும்.

தொட்டியிலிருந்து கடலுக்கு

காலர்ப்பா டாக்சிபோலியா என்பது வெப்பக் கடல்களில் இயல்பாக வாழ்ந்து, அங்குப் பெருந்தொல்லை எதுவும் தராத இனம். அதன் ஒரு வகையை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் விலங்குக் காட்சிசாலைத் தொட்டிகளில் வளர்த்தனர். குளிரைத் தாங்கி நன்கு வளர்ந்ததால் பிற காட்சிசாலைகளுக்கும் அது சென்றது. 1984-ஆம் ஆண்டில் மொனாக்கோ கடலியல் காட்சியகத்தின் அடியிலேயே, மத்தியதரைக் கடலில், ஒரு சதுர மீட்டர் அளவில் அது காணப்பட்டது. 1989-இல் அப்பரப்பு ஏறத்தாழ ஒரு ஹெக்டேர். அடுத்த பத்தாண்டுகளில் அது பல நாடுகளின் கடற்கரைகளுக்குப் பரவியது. பிற்காலத்தில் பல இடங்களில் தானாகவே சுருங்கியது என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு சுருங்கும் என்று 1989-இல் எவராலும் கூற இயன்றிருக்காது. 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கடற்கழி ஒன்றில் அதே வகை காணப்பட்டபோது, அரசினர் காத்திருக்கவில்லை. தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தி அழித்தனர். 2006-இல் அழிவு உறுதிசெய்யப்பட்டது. செலவு சுமார் 70 லட்சம் டாலர். வீட்டுத் தொட்டி ஒன்றைக் கழுவி ஊற்றியதே அதன் தொடக்கமாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது.

இத்தகைய கேள்வி நம் நாட்டிலும் எழுந்துள்ளது. இங்கு அது தொட்டியிலிருந்து அன்றி, வாழ்வாதாரத்திற்காகச் செய்யப்படும் வளர்ப்பிலிருந்து எழுந்தது. பிலிப்பைன்ஸைத் தாயகமாகக் கொண்ட கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசியிலிருந்து, உணவுத் தொழிலில் பெரிதும் பயன்படும் கராஜீனன் எடுக்கப்படுகிறது. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் இதனை 1980-களில் இந்தியாவிற்குக் கொணர்ந்து பழக்கியது. பின்னர் மண்டபத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் முறை வகுக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டிற்குப் பின் தனியார் நிறுவனத்தின் துணையுடன் மகளிர் சுய உதவிக் குழுக்களிடையே பரவியது. 45 நாட்களில் இட்ட விதைப்பாசி ஏறத்தாழ நான்கு மடங்காகும். வேறு வருவாய் அரிதான கடற்கரைச் சிற்றூர்ப் பெண்களுக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. 2012-13-இல் உலர் பாசி உற்பத்தி சுமார் 1,500 டன்னை எட்டியது. அடுத்த ஆண்டிலேயே பாசி பெருமளவில் மடிந்து, உற்பத்தி வீழ்ந்தது.

இதற்கிடையில் 2008-ஆம் ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே கப்பாபைகஸ் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து அவற்றை மூடிக் கொல்வதைப் பதிவு செய்தனர். பரவல் சிறு பரப்பிலேயே உள்ளது, இந்நீரில் அது வித்துக்களால் பெருகுவதில்லை என்று வேறு விஞ்ஞானிகள் வாதிட்டனர். ஹவாயித் தீவுகளின் கனியோஹே விரிகுடாவில் 1970-களில் விடப்பட்ட இதே இனம், வித்தின்றி உடைந்த துண்டுகளாலேயே பவளப்பாறைகளில் படர்ந்த செய்தியையும் இவ்வாதத்துடன் சேர்த்தே எண்ண வேண்டும். பெண்களின் வருவாயும் உண்மை. குருசடைப் பவளமும் உண்மை. வருவாய் ஒருவர் கைக்கும், இழப்பு எவர் கணக்கிலும் ஏறாத பொதுக் கடலுக்கும் செல்வதே இச்சிக்கலின் பொருளாதாரம்.

தீவுகளுக்கு என்ன பொருள்

அந்தமான் கரையோரப் பவளப்பாறைகள் ஏற்கெனவே பல இன்னல்களைக் கண்டவை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் வடக்குத் தீவுகளின் கரை உயர்ந்து, பவளங்கள் நீருக்கு மேல் வந்து மடிந்தன. தென்பகுதியின் நிலம் தாழ்ந்தது. 2010-ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் வெம்மையால் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. வெளுத்து மடிந்த பவளத்தின் மேல் முதலில் குடியேறுவது பாசியே. கிளிமீன் போன்ற பாசி தின்னும் மீன்கள் போதிய அளவில் இருந்தால் பவளம் மீளும். இல்லையேல் பாசி நிலைத்துவிடும். இத்தகைய நிலையில் அயல் இனம் ஒன்று துண்டாக வந்து சேர்வது, நோயினின்று தேறுபவரிடம் புது நோயைக் கொண்டு சேர்ப்பதாகும்.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-இல் தொடங்கப்பட்ட பின்னர், பாசி வளர்ப்பிற்கு நாடெங்கும் ஊக்கம் அளிக்கப்பட்டு வருகிறது. தீவுகளிலும் இதற்கு இடமுண்டு. எனினும் மண்டபத்தில் வெற்றி கண்ட இனத்தை அப்படியே இங்குக் கொணர்வதைவிட, இக்கரைகளிலேயே வளரும் கிராசிலேரியா, சார்காசம் போன்றவற்றின் வளர்ச்சி வேகத்தையும் விலையையும் முதலில் ஆராய்வதே முறை. காராச்சர்மாவிலுள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், புருக்ஷாபாத்திலுள்ள புதுவைப் பல்கலைக்கழகக் கடலியல் துறை ஆகியவை அருகிலேயே இருப்பது இதற்கு வாய்ப்பு. விளைச்சல் சற்றுக் குறைவாயினும், தப்பிச் சென்றால் கேடு விளைவிக்காத இனம் என்பதற்கே ஒரு விலை உண்டு. திட்ட அறிக்கைகளில் அவ்விலை பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

வீட்டுத் தொட்டிக்கும் இதே விதி பொருந்தும். சென்னைக் கொளத்தூர் போன்ற சந்தைகளிலிருந்து கடல் மீன் பையில் வரும்போது, நீரிலும் கல்லிலும் பாசித் துண்டு ஒட்டி வரலாம். சாத்தத்தில் வீட்டுச் சாக்கடைக்கும் கடலுக்கும் இடையே சில நூறு அடிகளே உள்ளன. எனவே பையின் நீரைத் தொட்டியிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், வெளுப்புத் தூள் கலந்து ஒரு நாள் வைத்திருந்து, பின்னர் கடலிலிருந்து விலகிய மண்ணில் ஊற்ற வேண்டும். தொட்டியில் மாற்றும் பழைய நீருக்கும் இதுவே முறை. உள்ளூர்ப் பாசியைச் சேகரிக்க விரும்புவோர் மீன்வளத் துறை அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிந்து, வண்டூர் கடல் தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களைத் தவிர்த்து, கைப்பிடி அளவு மட்டும் எடுத்தால் போதும்; ஓரிரு மாதங்களில் அது தொட்டியை நிரப்பிவிடும்.

பள்ளிகளில் இதனை ஒரு சோதனையாகவே நடத்தலாம். ஒரே அளவான இரு தொட்டிகளில் ஒரே எண்ணிக்கையில் மீன்களை விட்டு, ஒரே எடையில் உணவிட்டு, ஒன்றில் மட்டும் பாசி வளர்த்து வாரந்தோறும் அறுவடை செய்து, இரண்டிலும் நைட்ரேட்டை அளந்து வரைபடம் வரையலாம். எட்டு வாரங்களில் இரு கோடுகளும் தெளிவாகப் பிரியும். ஒன்பதாவது வாரத்தில் அறுவடையை நிறுத்திப் பார்ப்பதும் பயனுள்ளது; ஆனால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிய பின்னரே அதனைச் செய்தல் வேண்டும்.

எடுத்த பாசியை ஒரு நாள் நன்னீரில் ஊறவைத்து, உப்பு நீங்கக் கழுவி, நல்ல வெயிலில் சருகாகும் வரை உலர்த்தினால் அது மீண்டும் உயிர்பெறாது. பொட்டாசியச் சத்து மிகுந்த அச்சருகைத் தென்னையின் அடியில் குப்பையுடன் சேர்த்துப் புதைக்கலாம். வாரம் 112 கிராம் ஈரப் பாசியிலிருந்து கிடைப்பது 11 கிராம் சருகே. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும்.